ஜாங்கோவின் ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸ்: நன்றாகத்தான் கொட்டுகிறது, பாதியில் நின்றால் வாய் திறப்பதில்லை

பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் பெரிய ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதற்கு ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸ் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. 2013ல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது, நான் ஏறக்குறைய நாலு வருடமாக வேலைக்குப் பயன்படுத்துகிறேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. அதை மட்டும் தனியாக வைத்துக் கேட்டால் நாலுகூடக் கொடுப்பேன். ஆனால் யாரும் அதைத் தனியாக ஓட்டுவதில்லையே, முன்னால் ஜாங்கோவை ஓட்டும் சர்வரான குனிகார்ன், அதற்கும் முன்னால் பிரவுசரோடு பேசும் வாசல் சர்வரான என்ஜின்எக்ஸ் என்று மூன்று பேர் சேர்ந்துதான் ஒரு ஃபைலை வாடிக்கையாளர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்தால் வாசலில் நிற்பவர் "எல்லாம் ஆச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறார். அரை மதிப்பெண்ணை அதற்குத்தான் பிடித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். வருடக் கடைசியில் எல்லா பில்லையும் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வரிகளாக, இறக்கிக்கொள்ள ஒரு பட்டன். பழைய முறையில் அந்தப் பட்டனை அழுத்தினால் சர்வர் எல்லா வரியையும் நினைவகத்தில் கட்டி முடித்துவிட்டுத்தான் முதல் பைட்டை அனுப்பும். அதுவரை பிரவுசரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பொறுமை இழந்தவர் இன்னொரு முறை அழுத்துவார், சர்வரில் அதே வேலை இரண்டு முறை ஓடும், நினைவகம் ஏறும், அப்புறம் யாருக்குமே ஃபைல் கிடைக்காது. ஸ்ட்ரீமிங்குக்கு மாற்றிய அன்றைக்கு அழுத்திய உடனே டவுன்லோடு ஆரம்பித்தது. நினைவகக் கோடு படுத்த படுக்கையாக நேராகப் போனது. அந்தச் சந்தோஷத்தில் அன்று டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

எழுதுவதும் சுலபம். ஒரு ஜெனரேட்டர் ஃபங்ஷன், கரண்ட் போனால் ஓடுகிற சமாச்சாரம் இல்லை, பைத்தானில் வரி வரியாக யீல்டு செய்வது, அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக நீட்டுவது. அதை ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸிடம் கொடுத்துவிட்டால் போதும். பைத்தானின் சிஎஸ்வி ரைட்டர் எழுதுவதற்கு ஒரு ஃபைல் கேட்கும், நம்மிடம் ஃபைல் கிடையாது. அதற்கு ஜாங்கோ ஆவணத்திலேயே ஒரு குட்டித் தந்திரம் கொடுத்திருக்கிறார்கள்: எக்கோ என்று நாலு வரி வகுப்பு, அதன் ரைட் முறை கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். சிஎஸ்வி ரைட்டர் ஃபைலில் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்ளும், நம் கையில் வரி வந்து விழும். முதல் முறை படித்தபோது சிரித்தேன், இன்றைக்கும் அதையேதான் பயன்படுத்துகிறேன்.

ஒரு கண்ணி மட்டும் இங்கேயே இருக்கிறது. வெளியே ஸ்ட்ரீம் செய்தால் உள்ளேயும் தானாக ஸ்ட்ரீம் ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். குவெரிசெட்டை, அதாவது ஜாங்கோ டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, வெறும் ஃபார் லூப்பில் ஓட்டினால் ஜாங்கோ எல்லா வரியையும் இழுத்து வைத்துக்கொண்டுதான் முதல் வரியையே கொடுக்கும். இட்டரேட்டர் முறையைக் கூப்பிட வேண்டும், எத்தனை என்று சொல்லாமல் விட்டால் 2000, 2000 வரியாக எடுக்கும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் சர்வர் பக்கக் கர்சர் வழியாக, அதாவது விடையை டேட்டாபேஸே வைத்துக்கொண்டு தவணையாகக் கொடுக்க, வரும், நன்றாக வேலை செய்யும். மைஎஸ்கியூஎல்லில் இந்தப் பாக்கியம் இல்லை, டிரைவர் மொத்தத்தையும் நினைவகத்தில் ஏற்றிவிடும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸுக்கு முன்னால், இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்திருப்பவர்கள் சர்வர் பக்கக் கர்சரை அணைக்கும் செட்டிங்கைத் தேடிப் போட வேண்டியிருக்கும்.

சரி, இனி கதைக்கு வருகிறேன்.

ஒரு மார்ச் மாதக் கடைசி வாரம். ஒரு வாடிக்கையாளர் கடையில் கணக்குப் பார்க்கும் அக்கா ஃபோன் செய்தார். "தம்பி, உங்க ஃபைல்ல வர்ற மொத்தமும் எங்க லெட்ஜரும் டேலி ஆகல. ஜனவரி பாதியோட பில்லே நின்னு போச்சு. பிப்ரவரில நாங்க கடையே திறக்கலையா?" நான் நம்பவில்லை. "அக்கா, டவுன்லோடு முடியறதுக்கு முன்னாடி திறந்துட்டீங்களோ?" என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. "முழுசா இறங்கிடுச்சுன்னு குரோம் காட்டுச்சு தம்பி, மூணு தடவை இறக்கிப் பார்த்துட்டேன், மூணும் ஒரே இடத்துலதான் நிக்குது" என்றார். மூன்று முறை, ஒரே இடம். அவர் பாதி டீபக்கிங்கை முடித்துவிட்டுத்தான் எனக்கு ஃபோனே செய்திருக்கிறார்.

லாகைத் திறந்தேன். என்ஜின்எக்ஸ் அக்சஸ் லாகில் மூன்று வரி, மூன்றிலும் 200, அதாவது எல்லாம் சரி. சர்வர் பிழைக்கான 500 ஒன்றுகூட இல்லை. ஏதாவது வெடித்தால் எங்களுக்கு மெயில் வரும்படி ஜாங்கோவில் அமைத்திருந்தோம், மெயிலும் இல்லை. கடைசியில் யாரும் எட்டிப் பார்க்காத குனிகார்னின் எரர் லாகில் டிரேஸ்பேக், அதாவது பிழை எங்கே வெடித்தது என்ற தடம், கிடந்தது: ஒரே ஒரு பில்லில் தேதி காலி, அந்தக் காலியிடத்திடம் போய் நம் கோட் நாள் மாதம் வருடம் கேட்டிருக்கிறது, அந்த இடத்திலேயே ஜெனரேட்டர் செத்திருக்கிறது.

தேதி காலியாக இருந்தது எங்கள் தப்பு, பழைய டேட்டாவை ஏற்றும்போது சரிபார்க்காமல் விட்டது. அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டோம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. செத்துப்போன ஃபைலுக்குக் குரோம் எப்படி முழுசாக இறங்கியது என்று சான்றிதழ் கொடுத்தது?

இதற்கு ஹெச்டிடிபி எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பதிலின் முதல் வரியில் 200 போய்விடும். அது போன பிறகு 500 என்று மாற்றிச் சொல்ல வழியே கிடையாது. இலை போட்டு சோறு வைத்த பிறகு வாசலில் "இன்று சமையல் இல்லை" என்று பலகை மாட்ட முடியுமா, அந்த மாதிரி. பைத்தான் கோடும் வெப் சர்வரும் பேசிக்கொள்ளும் டபிள்யூஎஸ்ஜிஐ விதிமுறையான பெப் 3333லும் இதுதான்: ஹெடர், அதாவது பதிலின் தலைப்பு வரிகள், போவதற்கு முன்னால் பிழை வந்தால் வேறு ஹெடர் மாற்றிக்கொள்ளலாம், போன பிறகு வந்தால் அந்தப் பிழையைத் திரும்ப எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. ஜாங்கோவைப் பொறுத்தவரை, பதிலைத் தயாரிக்கும் ஃபங்ஷனான வியூ எப்போதோ தன் வேலையை முடித்து ரெஸ்பான்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. வியூவுக்கு முன்னும் பின்னும் ஓடும் மிடில்வேர், 500 பக்கம், அட்மினுக்கு மெயில் எல்லாமே அந்த வியூவைச் சுற்றித்தான் காவல் இருக்கின்றன. ஜெனரேட்டரோ அதற்குப் பிறகு குனிகார்ன் இழுக்க இழுக்கத்தான் ஓடுகிறது. காவல்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகு நடக்கிற திருட்டு. வியூவின் டேட்டாபேஸ் வேலைகளை ஒரே கட்டாக முடிக்கும் ஏடாமிக் ரிக்வெஸ்ட்ஸ் செட்டிங்கைப் போட்டிருந்தாலும் ஜெனரேட்டர் ஓடும்போது அந்த டிரான்சாக்‌ஷன் முடிந்திருக்கும், அதனால் ஸ்ட்ரீம் நடுவே டேட்டாபேஸில் எதையும் எழுதாதே என்று ஆவணத்தில் வெளிப்படையாகவே எச்சரிக்கிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு பாராட்டு.

சரி, 500 சொல்ல முடியாது. பாதியில் நின்றது என்றாவது சொல்ல முடியுமா? முடியும், அதற்கு ஏற்பாடே இருக்கிறது. ஹெச்டிடிபி 1.1ல் மொத்த நீளம் தெரியாத பதிலை சங்க், அதாவது துண்டு துண்டாக அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் பதினாறடிமானத்தில் தனி வரியாகப் போகும். எங்கள் ஃபைலிலிருந்து ஒரு மாதிரி:

19
1042,2024-03-11,1850.00

மேலே இருக்கும் 19 பத்தொன்பது இல்லை, பதினாறடிமானத்தில் 19, அதாவது 25. கீழே இருப்பதை எண்ணிப் பாருங்கள், காற்புள்ளியும் புள்ளியும் சேர்த்து 23 எழுத்து, சிஎஸ்வி ரைட்டர் வரிக்கடைசியில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்து, ஆக 25. எல்லாம் அனுப்பி முடிந்ததும் நீளம் 0 என்று ஒரு வெற்றுத் துண்டு போகும். அந்தப் பூஜ்யம் வந்தால்தான் பதில் முழுமை. வராமல் இணைப்பு அறுந்தால் அது அரைகுறை என்று விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. குரோம் இதைப் பார்த்தால் இன்கம்ப்ளீட் சங்க்டு என்கோடிங் என்று புலம்பும், டவுன்லோடு தோல்வி என்று காட்டும். கட்டளை வரியிலிருந்து முகவரியைத் தட்டிப் பார்க்கும் கர்ல், பாதிதான் வந்தது என்ற பொருளில் 18 என்ற எண்ணோடு வெளியேறும்.

இதில் குனிகார்ன் செய்வது சரியான காரியம். ஹெடர் போன பிறகு ஜெனரேட்டர் வெடித்தால் அந்தப் பூஜ்யத்தை அனுப்பாமல் இணைப்பை வெடுக்கென்று அறுத்துவிடும், இதற்கென்றே கோடில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சர்வருக்குள் போய் குனிகார்ன் போர்ட்டை நேராகக் கர்லால் தட்டிப் பார்த்தேன். 18 வந்தது. அதே முகவரியை வெளியிலிருந்து என்ஜின்எக்ஸ் வழியாகத் தட்டினேன். 0. எல்லாம் நலம். வரி எண்ணிக்கை மட்டும் இரண்டிலும் ஒன்றே, அதே ஜனவரி பாதி.

எங்களிடம் இருந்த என்ஜின்எக்ஸ் பின்னால் இருக்கும் சர்வரோடு பேசும்போது, நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஹெச்டிடிபி 1.0ல்தான் பேசும். பல காலமாக அதுதான் இயல்பு அமைப்பாக இருந்தது. 1.0வில் சங்க் என்ற பேச்சே கிடையாது, அதனால் குனிகார்னும் துண்டு போடாமல் வெறுமனே கொட்டும், முடிந்ததும் இணைப்பை மூடும். மூடினால் முடிந்தது என்று அர்த்தம். பாதியில் செத்தாலும் மூடல்தான், முழுசாக முடித்தாலும் மூடல்தான், இரண்டுக்கும் ஒரே சத்தம். என்ஜின்எக்ஸ் அதை முழுசு என்று நம்பி, வெளியே இருக்கும் பிரவுசருக்கு 1.1ல் அழகாகத் துண்டு போட்டு, கடைசியில் அந்தப் பூஜ்யத்தையும் தன் கையாலேயே வைத்து அனுப்பிவிட்டது. அதைப் பார்த்துதான் குரோம் சான்றிதழ் கொடுத்தது. உள்ளே பொய் சொன்னவர் என்று யாரும் இல்லை, கேட்டதை ஒவ்வொருவரும் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள், கடைசியில் அக்காவுக்குப் போனது மட்டும் பொய்.

இதற்குத் தீர்வு என்ஜின்எக்ஸ் அமைப்பில் ஒரே வரி: ப்ராக்ஸி ஹெச்டிடிபி வெர்ஷன் 1.1. அதைப் போட்டதும் பின்னாலிருந்தும் துண்டுகளாக வருகிறது, பூஜ்யம் வராமல் அறுந்தால் என்ஜின்எக்ஸ் எரர் லாகில் "அப்ஸ்ட்ரீம் (பின்னால் இருக்கும் சர்வர்) சீக்கிரமே மூடிவிட்டது" என்ற பொருளில் ஒரு வரி எழுதும், வெளி இணைப்பையும் பூஜ்யம் இல்லாமலே அறுக்கும். மறுபடி கர்ல் அடித்தேன், 18. அந்த எண்ணைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உங்கள் பதிப்பில் இயல்பு அமைப்பு எதுவாக இருந்தாலும் அந்த வரியை எழுதியே வைத்துவிடுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

வெளியே ஹெச்டிடிபி 2 ஓடுகிறதே, அங்கே என்ன என்று கேட்பீர்கள். அதில் சங்க் முறையே கிடையாது, எல்லாம் ஃபிரேம், கடைசி ஃபிரேமில் முடிந்தது என்று ஒரு கொடி இருக்கும், பாதியில் செத்தால் ரீசெட் என்று தனி ஃபிரேம். வார்த்தைகள்தான் வேறு, பூஜ்யத்தின் கதை அதேதான்.

இன்னொரு வயிற்றெரிச்சல். இதை என் மடிக்கணினியில் எப்படிப் பிடிக்காமல் விட்டேன் என்று பார்த்தால், ஜாங்கோவோடு வரும் சோதனைச் சர்வரான ரன்சர்வர் துண்டு போடுவதே இல்லை. நீளம் தெரியாத பதிலுக்கு கனெக்‌ஷன் க்ளோஸ் என்று ஹெடர் வைத்துக் கொட்டிவிட்டு மூடிவிடும். அங்கேயும் செத்ததும் முடிந்ததும் ஒன்றுதான், டெர்மினலில் டிரேஸ்பேக் ஓடும், பிரவுசரில் ஃபைல் சமர்த்தாக இறங்கியிருக்கும். தானியங்கிச் சோதனைக்கு ஜாங்கோ தரும் டெஸ்ட் க்ளையன்ட்டில் மட்டும் ஸ்ட்ரீமிங் கண்டென்ட்டைச் சேர்த்துப் படிக்கும்போது பிழை நேராக முகத்தில் வந்து விழும். ஆக டெஸ்ட்டில் கத்துகிறது, நிஜத்தில் கத்துவதில்லை. பொதுவாக இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும் என்று பழகியிருக்கிறோம்.

அப்புறம் இதைச் சரிசெய்ய எங்கள் அணியில் ஒரு தம்பி முதலில் செய்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் செய்வார்கள். ஜெனரேட்டர் முழுவதையும் ட்ரை, எக்செப்ட் போட்டு மூடி, பிழை வந்தால் "பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்" என்று ஒரு வரியை யீல்டு செய்துவிட்டுக் கண்ணியமாக முடித்திருந்தான். பார்க்க நல்லெண்ணம்தான். ஆனால் பிழையை விழுங்கிவிட்டதால் ஜெனரேட்டர் நல்லபடியாக முடிந்தது என்று குனிகார்ன் நினைக்கும், பூஜ்யத்தை வைக்கும், மறுபடி முழு ஃபைல் என்று சான்றிதழ். பயனரோ நாலு லட்சம் வரி ஃபைலின் அடியில் போய் அந்த வாக்கியத்தைப் படிக்கப் போவதில்லை, எக்ஸெல் அதைப் பில் எண் என்ற நெடுவரிசையில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். பைத்தானில் டேட்டாவை அலசும் பாண்டாஸில் ஏற்றினால் இன்னும் மோசம், எண்ணாக இருந்த நெடுவரிசை மொத்தமும் எழுத்தாக மாறிப்போகும். நடுவில் பிடித்த பிழையை லாகில் எழுதுங்கள், அப்புறம் திரும்ப எறியுங்கள். ஜெனரேட்டர் வெடித்தே ஆக வேண்டும். அந்த வெடிச் சத்தம்தான் இணைப்பை அறுக்கும், அறுந்தால்தான் வெளியே தெரியும். மெயில் வேண்டுமென்றால் அதே எக்செப்ட்டில் நாமே அனுப்பிக்கொள்ள வேண்டும், ஜாங்கோ அனுப்பாது.

நான் இப்போது செய்வது இதுதான். வியூவிலேயே, ரெஸ்பான்ஸைத் திருப்புவதற்கு முன்னால், முதல் டேட்டா வரியை இழுத்துப் பார்த்துவிடுகிறேன். குவெரி தப்பு, டேட்டாபேஸ் படுத்துவிட்டது, அனுமதி இல்லை என்று ஆரம்பத்திலேயே வெடிக்கிறவை எல்லாம் அங்கேயே வெடித்து ஒழுங்காக 500 ஆகிவிடும். பிறகு அந்த முதல் வரியையும் மீதியையும் செயின் போட்டு அனுப்பலாம். இதில் ஒரு நுணுக்கம், நான் முதல் முறை கோட்டை விட்டது: ஜெனரேட்டரின் முதல் யீல்டு தலைப்பு வரியாக இருந்தால், அதை இழுத்து ஒரு பயனும் இல்லை, குவெரி இன்னும் ஓடியே இருக்காது. தலைப்பை வெளியே வைத்துவிட்டு டேட்டாவை இழுக்க வேண்டும்.

அடுத்தது, கடைசி வரி. எல்லாம் முடிந்த பிறகுதான் "முற்றும்" என்ற சொல்லோடு மொத்த வரி எண்ணிக்கையை ஒரு வரியாக எழுதுகிறோம். அந்த வரி இல்லாத ஃபைலை எங்கள் இறக்குமதித் திரை ஏற்காது. இணைப்பு அறுந்தால் பிரவுசருக்குத் தெரியும், சரி, ஆனால் பிரவுசர் சொன்னதை அடுத்த ஆள் கேட்பார் என்று என்ன நிச்சயம்? ஃபைலே தன் கதையைத் தானே சொல்லட்டும். ஜேசன் வரிகளாக அனுப்புகிறவர்கள் கடைசி ஜேசனில் நிலையும் எண்ணிக்கையும் வைப்பது இதே யோசனைதான். ஹெச்டிடிபியில் டிரெய்லர் என்று உடலுக்குப் பின்னால் ஹெடர் அனுப்பும் வசதியே இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். சர்வர்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் ஜிஆர்பிசி தன் கடைசி நிலையை அங்கேதான் வைக்கிறது, உண்மைதான். ஆனால் பிரவுசரில் ஃபெட்ச் எழுதும் நம் கைக்கு அது கிடைக்காது, ஜிஆர்பிசி வெப் வடிவிலேயே டிரெய்லரை உடலுக்குள் திணித்துத்தான் அனுப்புகிறார்கள். அவர்களும் நம் "முற்றும்" வரிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேறு இரண்டு மூன்று விஷயம் சுருக்கமாக. குனிகார்னின் இயல்பான சிங்க் வொர்க்கருக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் பணியாளுக்கு, ஒரு ரிக்வெஸ்ட்டில் 30 விநாடிதான் ஆயுள், ஸ்ட்ரீம் அதற்கு மேல் ஓடினால் துண்டு போய்க்கொண்டே இருந்தாலும் மாஸ்டர் வந்து வொர்க்கரைக் கொன்றுவிடும். பல திரெட்களில் ஓடும் ஜிதிரெட் வொர்க்கருக்கு மாறிவிடுங்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக யீல்டு செய்தால் 25 பைட்டுக்கு ஒரு துண்டு, ஒரு சிஸ்டம் கால், அநியாயம். ஐந்நூறு வரியைச் சேர்த்து ஒரு யீல்டாகக் கொடுங்கள். துண்டின் எல்லையை நம்பி க்ளையன்ட் எழுதாதீர்கள், நடுவில் என்ஜின்எக்ஸ் தன் இஷ்டத்துக்கு ஒட்டி வெட்டும்.

பஃபரிங், அதாவது என்ஜின்எக்ஸ் நடுவில் தேக்கி வைத்து அனுப்புவது, பற்றி இணையத்தில் எங்கே பார்த்தாலும் எக்ஸ் ஆக்ஸெல் பஃபரிங் நோ என்ற ஹெடரைப் போட்டு அதை அணை என்றுதான் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். சாட் பதில், முன்னேற்றக் கோடு மாதிரி உடனுக்குடன் தெரிய வேண்டியவற்றுக்கு அது வேண்டும். சிஎஸ்விக்கு வேண்டாம், என் அனுபவத்தில் இருந்தால் கெடுதல்தான். பஃபரிங் இருந்தால் என்ஜின்எக்ஸ் நம் சர்வரிடமிருந்து வேகமாக வாங்கித் தற்காலிக ஃபைலில் வைத்துக்கொண்டு, கிராமத்து மொபைல் நெட்டில் இருப்பவருக்கு அவர் வேகத்தில் ஊற்றும். நம் வொர்க்கர் சீக்கிரம் விடுதலை. பஃபரிங்கை அணைத்தால் அந்த மெதுவான ஆள் இறக்கி முடிக்கும்வரை நம் வொர்க்கரும் ஒரு டேட்டாபேஸ் இணைப்பும் அவர் வாசலிலேயே காத்துக்கிடக்க வேண்டும். ஜாங்கோ குறுகிய வேலைகளுக்காக வடிவமைக்கப்பட்டது, ஸ்ட்ரீம் முடியும்வரை ஒரு வொர்க்கர் கட்டுண்டு கிடக்கும் என்று ஆவணத்திலும் எச்சரிக்கை உண்டு, அதை யாரும் படிப்பதில்லை.

டபிள்யூஎஸ்ஜிஐயின் அசிங்க் வடிவமான ஏஎஸ்ஜிஐக்கு மாறப் போகிறவர்களுக்கு ஒன்று. ஜாங்கோ 4.2லிருந்து அசிங்க் ஜெனரேட்டரை ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸ் ஏற்கிறது, நல்லது. ஆனால் பழைய சாதா ஜெனரேட்டரை அப்படியே விட்டுவிட்டு ஏஎஸ்ஜிஐயில் ஓட்டினால், ஜாங்கோ அதை மொத்தமாக ஒரு லிஸ்ட்டில் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அனுப்பும். எச்சரிக்கை ஒன்று லாகில் வரும், அவ்வளவுதான். பெயர் ஸ்ட்ரீமிங், நினைவகக் கோடு மறுபடி மலையேறும். எங்கள் ஸ்டேஜிங்கில் இது நடந்தது, ஒரு நாள் முழுக்க வேறு எதையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மற்றவர்கள் எப்படி என்று கேட்டால், கோ என்ற நிரல்மொழியில் நிலைமை வினோதம். ஹேண்ட்லர் நடுவில் பிழையைப் பார்த்து ரிட்டர்ன் செய்தால் கோ நல்லபடியாக முடிந்தது என்று பூஜ்யத்தை வைத்துவிடும், நடுவில் அறுக்க வேண்டுமென்றால் எர் அபார்ட் ஹேண்ட்லரைக் கொடுத்து வேண்டுமென்றே பேனிக் செய்ய வேண்டும். இது தெரியாமல் எழுதிய கோ சர்வர்கள் எத்தனை அரைகுறை ஃபைல்களுக்கு முழுமைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கின்றனவோ. நோட் ஜேஎஸ்ஸில் ஓடும் எக்ஸ்பிரஸில் அனுப்ப ஆரம்பித்த பிறகு நெக்ஸ்ட் ஃபங்ஷனிடம் பிழையைக் கொடுத்தால் இயல்பு எரர் ஹேண்ட்லர் இணைப்பை மூடிவிடும், ஒழுங்கு. ரியாக்ட் பக்கங்களைக் கட்டும் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ஸ்ட்ரீம் ஆரம்பித்த பிறகு பக்கம் இல்லை என்று தெரிந்தால் நிலை 200தான் போகும், தேடுபொறிகளுக்காக நோஇண்டெக்ஸ் குறிச்சொல்லை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். 200ஐத் திரும்பப் பெற முடியாத கொடுமையில் எல்லோருமே ஒரே படகு. இவர்களோடு ஒப்பிட்டால் ஜாங்கோவும் குனிகார்னும் சேர்ந்து நடந்துகொள்வதில் பெரிய குறை இல்லை, வெடித்தால் வெடித்ததுதான், மூடி மறைப்பதில்லை. என்ஜின்எக்ஸ் வரி ஒன்றை நாம் எழுதாமல் விட்டதுதான் எங்கள் வினை. அதை ஜாங்கோவின் ஆவணத்தில் அந்த எக்கோ உதாரணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி கட்டிப் போட்டிருந்தால் நாலாகவே கொடுத்திருப்பேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? சில நிமிடத்துக்குள் முடிகிற, போஸ்ட்கிரெஸிலிருந்து நேராக வருகிற சிஎஸ்விக்குத் தாராளமாக. அதற்கு மேல் நேரம் எடுத்தால் வேண்டாம். பின்னணி வேலையாக ஃபைலை எழுதி முடித்து, அப்புறம் நீளம் குறிப்பிட்டுச் சாதாரணமாகவே பரிமாறுங்கள். நீளம் தெரிந்த பதில் பாதியில் அறுந்தால் 1.0விலும் பிடிபட்டுவிடும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். ஸ்ட்ரீமில் அறுந்தால் முதலிலிருந்துதான். எங்கள் வருடக் கணக்கு ரிப்போர்ட்டை இப்போது அப்படி மாற்றியாகிவிட்டது, மாத ரிப்போர்ட் மட்டும் ஸ்ட்ரீமில் ஓடுகிறது.

போன மாதம் அதே அக்கா மறுபடி ஃபோன் செய்தார். "தம்பி, உங்க ஃபைலை உங்க சாஃப்ட்வேரே எடுத்துக்க மாட்டேங்குது, முழுசா இல்லைன்னு சொல்லுது." எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. லாகைப் பார்த்தேன், எல்லாம் சுத்தம், பூஜ்யம் வரை போயிருக்கிறது. ஃபைலை வாட்ஸாப்பில் வாங்கித் திறந்தேன். எல்லா வரியும் இருக்கிறது, "முற்றும்" மட்டும் இல்லை. "அக்கா, கடைசில ஒரு வரி இருந்திருக்குமே?" என்றேன். "அதுவா, பிவட் போட்டா மொத்தத்துல இடிக்குது தம்பி. நான் எப்பவும் அதை அழிச்சுட்டுத்தான் சேவ் பண்ணுவேன்."